கைப்பிடியில் வெள்ளை விரல்கள்

1

இந்தக் கதை எங்கள் கட்டடத்து மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து வந்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு மழைநாளில் வருமாம், ரயிலில் வருமாம், சிலருக்குக் கனவில்கூட வருமாம். எனக்கு மாடிப்படியில்தான் வரும். யார் வீட்டு வாசலில் யார் செருப்பு கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஏறுகிறவள் நான். என்னைப் பற்றி இந்தக் கட்டடத்தில் பல விதமாகச் சொல்வார்கள். சொல்லட்டும். சுவரை இவ்வளவு மெல்லிசாகக் கட்டியவனை விட்டுவிட்டுக் காது இருக்கிறவளைக் குறை சொன்னால் எப்படி?

ஒரு சாயங்காலம் கைப்பிடியில் வெள்ளையாக விரல்கள் பதிந்திருந்தன. நாலு விரல், கொஞ்சம் தள்ளி மறுபடியும் நாலு விரல் என்று மேலே மேலே போயின. கட்டடத்தில் யாரும் வெள்ளையடிக்கவில்லை. மாவாக இருந்தால் வழுக்கும். இது விரலைப் பிடித்தது. நாக்கில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு நான் தரம் தாழ்ந்தவள் இல்லை. (வைத்துப் பார்த்தேன். ருசி ஒன்றும் இல்லை.) தடத்தைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். அது ஒரு வீட்டின் அழைப்பு மணியில் போய் முடிந்தது. மணியின் பொத்தானும் வெள்ளை.

ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிறவர்கள் பிடி நழுவாமல் இருக்கக் கையில் பூசிக்கொள்ளும் பொடி அது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பிடி நழுவாமல் இருக்க. இதை எழுதியதும் கதை வந்துவிட்டது என்று தோன்றியது.  

தொடங்கிப் பார்க்கிறேன்.

தொடக்கம் அ: பொன்னிற அதிகாலையில் அவள் ஒரு பறவையைப் போலக் காற்றில்

வேண்டாம். பறவைக்குத் திங்கட்கிழமை இயற்பியல் தேர்வு கிடையாது.

[அக்கா, அந்தப் பறவை வரியைக் கோடு போட்டு வெட்டியிருக்கீங்க. ஆனாலும் டைப் பண்ணிட்டேன். வேணாம்னா எடுத்துடலாம்.]

இந்தப் பிரதியில் சதுர அடைப்புக்குறிக்குள் ஏதாவது வந்தால் அது நான் எழுதியது அல்ல. என் கையெழுத்தைக் கணினியில் ஏற்றித் தரும் டைப்பிஸ்ட் எழுதியது. வராமல் இருக்காது. அவருக்கு ஒரு கொள்கை: தாளில் இருப்பதெல்லாம் ஏற வேண்டும், வெட்டிய வரி உட்பட. முன்பு யாரோ ஒரு ஆராய்ச்சிக்காரர் தானே வெட்டிய பத்தியைத் திரும்பக் கேட்டு அழுதாராம். அன்றிலிருந்து அப்படி.

இன்னொரு கொள்கையும் உண்டு. அதைச் சொல்லும்போது அவருக்கு முகமே மலர்ந்துவிடும். “நான் எதையும் படிக்கிறதில்லக்கா. எழுத்து கண்ணுல நுழைஞ்சு விரல் வழியா வெளிய போயிடும். நடுவுல மண்டையில நிக்காது. படிச்சேன்னா கை நின்னுடும்.”

வழக்குப் பத்திரம், உயில், யாரோ யாருக்கோ எழுதிய மன்னிப்புக் கடிதம் என்று எல்லாம் அவர் விரல் வழியே போயிருக்கிறது. ஒன்றைக்கூட அவர் அறியார். அவ்வளவு சேதி கைக்கு வந்தும் எட்டிப்பார்க்காமல் விடுகிற ஒரு மனுஷியை என் பிறவியிலேயே நான் பார்த்ததில்லை. அந்த நாற்காலியில் என்னை ஒரு வாரம் உட்காரவைத்திருந்தால் இந்தத் தெருவின் சரித்திரமே வேறு.

[டைப்பிஸ்ட்னு கண்ணுல பட்டுச்சு. இது கதைல வருதா, எனக்குச் சொன்னதா? எதுக்கும் டைப் பண்ணிட்டேன்.]

2

கதாநாயகிக்குப் பெயர் வைக்கப் போவதில்லை. வைத்தால் கீழ்வீட்டுக்காரி “இது இன்னார் மகதானே” என்று கிளம்பிவிடுவாள், என் தொழிலுக்கே போட்டியாக. வெட்டுக்கிளி என்று வைத்துக்கொள்வோம்.

பத்தாம் வகுப்பு. ஒல்லி. மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டை சுற்றியிருக்கும். படி ஏறும்போது குதிகால் தரையில் படாது. பள்ளிச் சீருடைக்குள் பயிற்சி உடை, பயிற்சிப் பைக்குள் பள்ளிப் புத்தகம். விடியுமுன் பயிற்சி, பிறகு பள்ளி, பள்ளி விட்டால் மறுபடி பயிற்சி, பிறகு வீட்டுப்பாடம். சாப்பாடு பேருந்தில். சாப்பிடும்போது படிப்பாள். படிக்கும்போது ஒரு காலை ஜன்னல் கம்பியில் ஏற்றி நீட்டிவைத்திருப்பாள். ஒவ்வொன்றையும் இன்னொன்றின் மேல் அடுக்கி வைத்த வாழ்க்கை. நடுவில் ஒன்றை உருவினால்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை.)

அம்மா உண்டு. அம்மாவுக்கு என்ன வேலை கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. தையலா, மருந்துக்கடையா? இடம் விட்டு வைக்கிறேன்: ............ அப்பா கப்பலில். அவர் இந்தக் கதைக்கு அதிகம் வரமாட்டார். வீட்டுக்கும் அதிகம் வந்ததில்லை.

அம்மா கெட்டவள் இல்லை. கெட்ட அம்மாவாக இருந்தால் எனக்கு எழுதச் சுலபம். இவள் மகளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாள், கிழிந்த உள்ளங்கைத் தோலை நகவெட்டியால் பதமாக எடுத்துவிடுகிறாள். இரண்டே இரண்டு நிபந்தனைகள் வைத்திருக்கிறாள். சுவர் வழியாக நானே கேட்டது:

“மார்க் குறைஞ்சா கட்டையில ஏறக் கூடாது. பயமா இருக்குன்னு என்னைக்காவது சொன்னியோ, அன்னையோட சரி. இருக்கிறது ஒரே புள்ள நீ.”

நியாயமான பேச்சுதான். பயந்துகொண்டு உயரத்தில் ஏறாதே என்று எந்த அம்மாவும் சொல்வாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெண் பயத்தைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சுவர் வழியாக வருவதெல்லாம் இரண்டு சொற்கள்தான்.

“படிச்சியா?”

“படிச்சேன்.”

இன்னொரு விஷயம். அம்மா தன் மகள் கட்டையின்* மேல் நின்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. போட்டி என்றால் கூடவே போவாள். அரங்குக்கு வெளியே, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் மகளின் பையை வைத்துக்கொண்டு உட்காருவாள். “உள்ள போய்ப் பாருங்களேன்” என்று யாராவது சொன்னால், “எனக்குத் தலை சுத்தும்” என்பாள். உள்ளே கைத்தட்டல் கேட்டால் மூச்சு விடுவாள்.

* கட்டை என்று நான் எழுதுவதை வெட்டுக்கிளி “பீம்” என்பாள். என் நெஞ்சு உயரத்தில் இரண்டு காலில் நிற்கிற நீளமான கட்டை. ஓர் உள்ளங்கையை விரித்து வைத்தால் அகலம் அவ்வளவுதான். அதன் மேல் நடப்பதே பெரிய காரியம். இவர்கள் அதன் மேல் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடுகிறார்கள். (“பல்டி ஆன்ட்டி. குட்டிக்கரணம்னு சொல்லாதீங்க, சர்க்கஸ் மாதிரி இருக்கு.”) பல்டி அடிக்கிற அந்த நொடியில் கட்டை கண்ணுக்குத் தெரியாது. கால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

[நட்சத்திரம் போட்டதை அடிக்குறிப்பா கீழ போடணுமா? எழுதின இடத்துலயே விட்டுட்டேன்.]

3

இந்த இடத்தில் எனக்கு என் கதாநாயகி மேல் ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை பயிற்சிக்கு நடுவில் எப்படி வகுப்பில் முதல் வரிசையில் இருக்கிறாள்? வாசகர் நம்ப மாட்டார். நானே நம்பவில்லை. ஆள் கெட்டிக்காரி என்று ஒரு வரி எழுதித் தப்பித்துவிடலாமா என்று பார்த்தேன். பிறகுதான் அவள் வாயாலேயே விடை கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பது ஐந்தாம் பகுதியில். விடையை மட்டும் இப்போதே தருகிறேன், ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

அவள் கட்டையின் மேல் படித்தாள்.

புத்தகத்தோடு ஏறினாள் என்று நினைக்காதீர்கள். கட்டையின் மேல் செய்கிற வரிசை ஒன்று உண்டு: ஏறுவது, திரும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது, தாவுவது, பின்பல்டி, கடைசியில் இறங்குவது. மாதக்கணக்கில் அதே வரிசையைத் திருப்பித் திருப்பிச் செய்வார்கள். உடம்பு அதைத் தானே செய்யும். மண்டை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற மண்டையைப் பார்த்து இவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு அசைவிலும் ஒரு பாடத்தை மாட்டிவிட்டாள். ஏறும்போது தனிமங்களின் வரிசை. திரும்பும்போது முக்கோணத்தின் சூத்திரங்கள். ஒற்றைக் காலில் நிற்கும்போது இதயத்தின் அறைகள். பின்பல்டியில் மின்னோட்டம்.

கேட்டதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. என்ன சிக்கனம். ஒரே நேரத்துக்குள் இரண்டு நேரம்.

அதில் ஒரு தப்பு இருந்தது. கட்டையும் தெரிந்து, பத்தாம் வகுப்பும் படிக்கிற ஒருத்தியால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு. அடித்துணியையும் மேல்துணியையும் சேர்த்து ஒரே தையல் போட்டுவிட்டாள். ஒன்றைப் பிரித்தால் மற்றதும் பிரியும்.

4

தேர்வு அறையில் என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. பள்ளியில் துப்புரவு வேலை செய்யும் அம்மாள் எங்கள் தெருதான். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

உயிரியல் தாளில் இதயம் வந்ததாம். வெட்டுக்கிளி பேனாவைக் கீழே வைத்தாள். மேசைக்கு அடியில் ஒரு காலைத் தூக்கினாள், கையை இரண்டு பக்கமும் விரித்தாள், கண்ணை மூடினாள். கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார். “என்னம்மா, யாருக்கு சிக்னல்?” பக்கத்துப் பெஞ்சுகளில் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. கால் கீழே வந்ததும் இதயத்தின் அறைகளும் போய்விட்டன.

அறிவியல் ஆசிரியை நல்லவர். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, “போட்டி வருதுல்ல, அந்தப் பயம். போட்டி முடிஞ்சா சரியாயிடும்” என்றார்.

பயிற்சி அரங்கில் வேறு மாதிரி. அங்கே பழைய பாடத்துக்கு வேலை முடிந்திருந்தது. புதுப் பாடம் வந்திருந்தது. மின்னோட்டம் போய், பின்பல்டிக்கு ஒளிவிலகல். அது இன்னும் மண்டையில் ஒட்டவில்லை. பல்டிக்கு எழும்பினாள், சூத்திரம் வரவில்லை, உடம்பு காற்றில் அதற்காகக் காத்திருந்தது. காற்றில் காத்திருக்க இடமில்லை.

எங்கேயோ விழுந்தாள். எழுந்தாள். “கால் வழுக்கிச்சு சார்.” கோச்சும் நல்லவர்தான். தோளில் தட்டி, “பரீட்சை வருதுல்ல, அந்தப் பயம். பரீட்சை முடிஞ்சா சரியாயிடும்” என்றார்.

இரண்டு நல்லவர்கள், ஒரு பயத்தை ஆளுக்கு ஒரு பக்கம் தள்ளிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார்கள். தள்ளியது எங்கே போய் விழும் என்பதுதான் இந்தக் கதை. இந்த வரியை எழுதும்போது என் கையெழுத்து மோசமாகிவிட்டது, மன்னிக்கவும்.

[பரவால்லக்கா, புரியுது. ஆனா அடுத்த பக்கம் தலைகீழா வச்சிருந்தீங்க. திருப்பிக்கிட்டேன்.]

5

வியாழக்கிழமை சாயங்காலம். அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் புத்தகம், பக்கங்களின் ஓரமெல்லாம் வெள்ளை விரல்கள்.

“என்ன, படியில உக்காந்து படிப்பு?”

“இங்க வெளிச்சம் நல்லா இருக்கு ஆன்ட்டி.”

அந்தப் படியில் விளக்கு எரிந்து எத்தனையோ காலமாகிறது.

“அம்மாவோட சண்டையா?”

“இல்ல.”

“லவ்வா?”

“ஆன்ட்டி.”

“சரி, சரி. கேட்டு வைக்கணும்ல.”

போயிருக்கலாம். என் கால் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன், முட்டி இரண்டும் சத்தம் போட்டன. அவள் என் முட்டியைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்லாம இருப்பீங்களா?”

“என்கிட்டயா கேக்கற? என்னைப் பத்தித் தெரியும்ல?”

“தெரியும். அதனாலதான். நீங்க சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க.”

இந்தப் பெண்ணை ஏன் கதாநாயகியாக்கினேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பிறகு சொன்னாள். மூன்றாம் பகுதியில் நான் சொன்னதை எல்லாம். பல்டி இடத்துக்கு வந்ததும் குரல் தாழ்ந்துவிட்டது.

“மேல போனதும் பதில் வரும்னு இருப்பேன். வரலைன்னா, நான் எங்க இருக்கேன்னே தெரியல. எது மேல, எது கீழன்னு தெரியல. கொஞ்ச நேரம்தான். ஆனா அந்தக் கொஞ்ச நேரத்துல நான் இல்லவே இல்ல ஆன்ட்டி.”

“அப்புறம் எப்படி இறங்கின?”

“நான் இறங்கல. மெத்தை வந்து இடிச்சுது.”

 

“எங்க ஹால்ல ஒரு அக்கா இருக்காங்க,” என்றாள். “அவங்களுக்கும் இப்படித்தான் ஆச்சாம். இப்ப யாராவது கூப்பிட்டா கழுத்தைத் திருப்ப மாட்டாங்க. உடம்போட திரும்பித்தான் பார்ப்பாங்க. நான் அவங்களைப் பின்னாலேர்ந்து கூப்பிடவே மாட்டேன்.”

“பாடத்தை நினைக்காம குதிச்சுத் தொலையேன்டி.”

“யார் வீட்டுக் கதவாவது திறந்து கிடந்தா நீங்க பார்க்காம போவீங்களா?”



“சரி, அந்தப் பல்டிய விட்டுட்டு மத்ததைச் செய்.”

“விட்டா டீம்ல எடுக்க மாட்டாங்க. சனிக்கிழமைதான் எடுக்கறாங்க. அம்மாகிட்ட சொன்னா அன்னையோட சரி. சின்ன வயசுலேர்ந்து இது ஒண்ணுதான் ஆன்ட்டி எனக்கு. குதிச்சா...”

அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடித்துத் தரவில்லை. எழுந்திருக்கும்போது பிடிமானத்துக்கு என் மணிக்கட்டைப் பற்றினாள். எலும்பு வரை அழுத்திய பிடி. மேலே போய் மணி அடித்தாள், கதவு திறந்தது, ராத்திரி சாப்பாடு ஆனதும் சுவர் வழியாக அந்த இரண்டு சொற்கள் கேட்டன. என் மணிக்கட்டில் விரல்கள் வெள்ளையாக இருந்தன. கழுவவில்லை.

6

வெள்ளிக்கிழமை காலை, அவள் சொன்ன ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டே காரியத்தை முடிக்கலாம் என்று அம்மாவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். “உன் பொண்ணு கொஞ்சம் மிரண்ட மாதிரி இருக்காளே” என்றேன்.

அம்மா சிரித்தாள். “போன மாசம் ரெண்டாவது மாடிக்காரங்க பிரியறாங்கன்னீங்க. அவங்க கட்டில் மாத்தினாங்க, அவ்வளவுதான்.”

“இது அப்படி இல்லம்மா.”

“நாளைக்கு என்னை வர வேணாம்னு சொல்லிட்டா. பெரிய மனுஷி ஆயிட்டாளாம். மிரண்டவ அப்படிச் சொல்லுவாளா? நீங்க இதை எல்லாம் பேசி வீணாக்காதீங்கக்கா, எழுதுங்க. எழுதினா நல்லா வரும்.”

வர வேண்டாம் என்று சொன்னாளாம்.  வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குக்கூட ஆள் வேண்டாம் என்றால், அவள் என்ன எதிர்பார்த்துக்கொண்டு போகிறாள்?

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். இத்தனை நாளாய்த் துண்டு துண்டாக வைத்திருந்ததை ஒரே நாளில் கோத்தேன். முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: வெட்டுக்கிளி எழும்பினாள், சுழன்றாள், பாதம் கட்டையில் பசை போட்டது போல ஒட்டியது. அரங்கம் எழுந்து நின்றது. திங்கட்கிழமை இயற்பியலிலும்

இதை எழுதும்போது பேனா எந்த இடத்திலும் தயங்காமல் ஓடியது. அதனாலேயே வெட்டிவிட்டேன்.

முடிவு ஆ: பல்டிக்கு முன்னால் நின்றாள். மூச்சை இழுத்தாள். கட்டையிலிருந்து சும்மா, படி இறங்குகிற மாதிரி, கீழே இறங்கினாள். “என்னால முடியல சார்” என்றாள்.

இது எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் பயம் என்று சொன்னால் எல்லாம் போய்விடும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பெண் அரங்கத்தின் நடுவில் நின்று அதைச் சொல்வாளா? நான் எழுதினால் சொல்வாள். எழுதாவிட்டால் சொல்ல மாட்டாள். அவள் இருக்கிறது என் தாளில் இல்லையே.

முடிவு இ: மேலே போனாள். பதில் வரவில்லை. மேலே எது, கீழே எது என்று

[இந்த வாக்கியம் பாதில நிக்குது. பக்கம் எதாவது விட்டுப்போச்சா அக்கா? தேடிப் பார்த்தேன், கிடைக்கல.]

பக்கம் விட்டுப்போச்சா என்று டைப்பிஸ்ட் கேட்பார். விட்டுப்போகவில்லை.

7

அம்மாவுக்கு என்ன வேலை கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டாம் பகுதியில் விட்டு வைத்த இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். டைப்பிங்.

வீட்டிலேயே வேலை. ஜன்னலோரம் மேசை, இடது பக்கம் தாள்களைச் சாய்த்து வைக்க ஒரு பலகை, தோளில் ஒரு துண்டு. என் சுவருக்கு அந்தப் பக்கம். விசைப்பலகைச் சத்தம் எனக்குக் கேட்கும். வேகமாக, மழை மாதிரி, நடுவில் நிற்காமல்.

இத்தனை பக்கமும் உன்னை ‘அவர்’ என்று எழுதியது கதைக்காக. இனிமேல் கதை இல்லை. நேற்று சாயங்காலம் இந்தத் தாள்களைக் கொண்டுவந்து, “சனிக்கிழமை மதியத்துக்குள்ள அனுப்பணும்மா, இல்லைன்னா பத்திரிகைக்காரன் போட மாட்டான்” என்றேனே, அது பொய். எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை. மதியம் என்பது போட்டியின் நேரம். இதை நீ அடிக்கும்போது உன் பெண் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போயிருப்பாள். “பத்திரம்” என்று தலையைத் திருப்பாமல் சொல்லியிருப்பாய், கை ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

வெட்டுக்கிளி உன் மகள். நிறுத்து. கையை எடு. ஐந்தாம் பகுதிக்குப் போ. அடிக்காதே, படி.

[இந்தப் பக்கத்துல ஓரமா வெள்ளையா என்னவோ பொடி ஒட்டியிருக்கு, ரெண்டு எழுத்து மறைஞ்சிருக்கு. தட்டிவிட்டு அடிச்சிட்டேன்.]

நீ நிறுத்தியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் வேலை சுத்தம். ‘நிறுத்து’ என்ற சொல்லையும் பிழையில்லாமல் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பாய். நேரில் வந்து கத்தியிருக்கலாமே என்று வாசகர்கள் கேட்பார்கள். கத்தினால் கட்டில் மாற்றிய கதையைச் சொல்லிச் சிரிப்பாய். நான் வாயால் சொன்ன எதையும் நீ நம்பியதில்லை. எழுதியது எதையும் நீ படித்ததில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உன் பெண் நிற்கிறாள்.

நான் கேட்பது இதுதான். போ. அவளைக் கட்டையிலிருந்து என்றைக்குமாக இறக்கிவிடு என்று சொல்லவில்லை, குதிக்க விடு என்றும் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்புக்கு நான் யார்? உள்ளே போய் நில். கதவுக்கு வெளியே வேண்டாம், உள்ளே. முகத்தைத் திருப்பாமல் நில். அவள் உன்னைப் பார்த்து, பயமா இருக்கும்மா என்று சொன்னால், அன்னையோட சரி என்று மட்டும் சொல்லாதே. சொல்லட்டும் என்று விடு. அவள் சொல்லிவிட்டால் போதும்.

இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறாயா? சுவரில் காதை வைத்துக்கொண்டு கேட்கத்தான் போகிறேன். மழைச் சத்தம் நிற்காவிட்டால் எனக்கு வேறு வழி ஒன்றும் தோன்றவில்லை. உனக்குத் தெரிந்த ஒரே ஒரு சொல்லை இங்கே எழுதிவிட்டு முடிக்கிறேன். தினமும் ராத்திரி சாப்பாடு ஆனதும், அந்த அறைக் கதவுப் பக்கம் தலையை நீட்டி, நீ அவளிடம் கேட்கிற சொல்.

படிச்சியா?

[படிச்சேன்.]

8

இந்தக் கடைசிப் பகுதியை நானே ஒற்றை விரலால் தட்டுகிறேன். ‘ழ’ எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் உயிர் போகிறது.

சுவரில் காதை வைத்திருந்தேன். சத்தம் நின்றது. பிறகு நாற்காலி கீழே விழுந்த சத்தம். பிறகு படியில் யாரோ ஓடுகிற சத்தம், செருப்பில்லாத கால். நான் கதவைத் திறந்து வருவதற்குள் கீழ்க் கதவு அடித்துக்கொண்டது. இந்தக் கட்டடத்தில் யார் எப்போது எங்கே போனாலும் பார்த்துவிடுகிறவள் நான். இவள் போனதைப் பார்க்கவில்லை.

வீடு திறந்து கிடந்தது. உள்ளே வந்தேன். நாற்காலியை நிமிர்த்தினேன். திரையில் அந்த ஒற்றைச் சொல்லும் அடைப்புக்குறியும், பக்கத்தில் விட்டுவிட்டு மின்னுகிற கோடும். மேலே உருட்டிப் பார்த்தேன். ஐந்தாம் பகுதி வரை போயிருக்கிறாள் என்று நினைக்கிறேன், ‘நான் இல்லவே இல்ல ஆன்ட்டி’ என்ற வரி நீலமாகத் தேர்வாகிக் கிடந்தது. விரலோ மவுஸோ தெரியாமல் பட்டிருக்கலாம்.

மகளின் அறைக் கதவும் திறந்திருந்தது. பார்த்தேன், பழக்கம். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் தரையில் ஒரு பட்டை நாடா ஒட்டியிருந்தது, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு. அதன் நெடுகிலும் பென்சிலால் எழுதிய சூத்திரங்கள், பாதம் பட்டுப் பட்டுத் தேய்ந்தவை. ஓர் இடத்தில் மட்டும் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டிருந்தாள். பல்டியின் இடமாகத்தான் இருக்க வேண்டும். ஒளிவிலகலை அழித்துவிட்டாளா, எழுதவே இல்லையா, அல்லது அந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் குதித்துப் பழகிக்கொண்டிருந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. நின்று பார்த்தேன். அந்த வெறுமையில் கால் வைக்க எனக்குப் பயமாக இருந்தது. தாண்டி வந்துவிட்டேன்.

அரங்கம் பேருந்தில் போனால் தூரம். ஆட்டோ கிடைத்தால் தூரமில்லை. வழியில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் எப்போதும் நெரிசல். கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று சபதம் செய்துகொண்டு இதைத் தட்டுகிறேன். மதியம் என்று நான் சொன்னேன். சரியாக எத்தனை மணிக்கு, வெட்டுக்கிளி எத்தனையாவது ஆளாக ஏறுவாள் என்று கேட்டுக்கொள்ளவில்லை. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் கேட்பேன். அதைக் கேட்கவில்லை.

முடிவுகள் மூன்றும் மேலேயே இருக்கின்றன, வெட்டியதும் வெட்டாததும். நான்காவதாக ஒன்று எழுதலாம் என்று பார்த்தேன்: அரங்கின் கதவு திறக்கிறது, வெறுங்காலோடு ஒருத்தி உள்ளே வந்து நிற்கிறாள், கட்டையின் மேல் நிற்பவள் திரும்பி

முடியவில்லை. ‘திரும்பி’ என்று அடித்ததும், உடம்போடு திரும்பிப் பார்க்கிற அந்த அக்காதான் வருகிறாள்.

இப்போது போன் அடிக்கிறது. என்னுடையது இல்லை. அவள் அவசரத்தில் மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், தாள் கட்டுக்குப் பக்கத்தில். அதன் முதுகில் பழைய வெள்ளை விரல்கள். திரையில் ‘கோச்’ என்று வருகிறது.

அம்மா அங்கே போய்ச் சேர்ந்து, போன் இல்லாமல், கோச்சின் போனிலிருந்து எனக்குச் சொல்லத் தன் எண்ணுக்கே கூப்பிடலாம். நான் இங்கே வந்து உட்கார்ந்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? டீமில் எடுத்துவிட்டார்கள் என்று கோச் சொல்ல வந்திருக்கலாம். நின்றுவிட்டாள், இறங்கிவிட்டாள், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்ல வந்திருக்கலாம். கோச் எதற்கெல்லாம் ஒரு வீட்டுக்குப் போன் செய்வார் என்று யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

நின்றுவிட்டது.

மறுபடி அடிக்கிறது.

அடுத்தவர் வீட்டுப் போன் அடித்து நான் எட்டிப்பார்க்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அவள் பிடித்த இடத்தில் வெள்ளை போய்விட்டது, பிடி மட்டும் இருக்கிறது. இவ்வளவு தூரம் என்னோடு சேர்ந்து எட்டிப்பார்த்தீர்கள். என்னைவிட உங்களுக்குத் துணிச்சல் இருக்கும்.

நீங்கள் எடுங்கள்.